மூன்று கோட் வெள்ளையும் என் வலது கண்ணும்

பத்தாங் பெர்ஜுந்தாய்,
சனிக்கிழமை காலை.

என் மனைவியின் ஒரே தம்பியும் சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்திலேயே கைராசிக்கார பெயிண்டருமான மச்சான் சேதுவுக்கு, செல்லையா மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சின்னத்தாயும் மகள் தனேஸ்வரியும் நலம். என் வலது கண் கூடுதல் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருப்பதால், பல வருடத்துக்குப் பிறகு ஸ்டாம்பு ஒட்டுகிறேன்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். தனேஸ்வரி கல்யாணத்துக்காக நம் ஹாலுக்கு நீ வெள்ளை அடித்தாய், நான் மஞ்சள் என்றேன். இரண்டாவது கோட் அடித்தாய், நான் கஞ்சித் தண்ணி நிறம் என்றேன். டின் மூடியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாய், டின்னே போலி என்றேன். மூன்றாவது கோட்டும் முடித்து வியர்த்து வழிய நின்றவனிடம், முப்பது வருடம் எஸ்டேட்டில் ஆள் மேய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையின் நிறத்தைப் பார்த்தே பழமா காயா என்று சொன்ன மண்டோர் கண் இது, என்னையா ஏமாற்றுகிறாய் என்று சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "உங்க மகளுக்கு மாலை போட வேற மாமன பாத்துக்குங்க லா" என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாய். அன்றிலிருந்து தனேஸ்வரி என்னோடு பேசவில்லை. தாய்மாமன் மாலை போடாமல் மணவறையில் உட்கார மாட்டாளாம். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

இதற்கிடையில் கண்ணில் புரை என்று சொல்லி, போன வாரம் ஒரு டாக்டர் பெண் வலது கண்ணில் ஆபரேஷன் செய்தாள். கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறதாம், வெளிச்சத்தை வளைத்துப் பின்னால் உள்ள திரையில் படமாக விழ வைக்கிறதாம், அந்தப் படம் தலைகீழாகத்தான் விழுமாம், மூளைதான் அதை நேராக்கிக்கொள்ளுமாம். என் லென்ஸ் வயதாகித் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டதாம். வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் கலந்து கிடக்க, என் லென்ஸ் நீலத்தை மட்டும் உள்ளே விடாமல் நிறுத்தியிருக்கிறது. நீலம் போனால் மிச்சம் மஞ்சளாகத்தானே தெரியும் என்று அந்த டாக்டர் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் முகம்தான் வந்தது. தலைகீழாக விழுவதை மூளை நேராக்குகிறது; நேராக நின்ற உன்னை நான் தலைகீழாக்கிவிட்டேன்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தால், என் வெள்ளை வேட்டி நீலமாக இருக்கிறது. மஞ்சள் போகவில்லை என்று நான் தினமும் கத்தியதில், உன் அக்கா நீலம் போட்டுப் போட்டு அலசியிருக்கிறாள். "ஆறு மாசமா நீலந்தான்பா. அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க" என்றாள் தனேஸ்வரி. சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அந்த வேட்டியோடுதான் நான் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கெல்லாம் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பிறகு டாக்டர் சொன்னது சரியா என்று பார்க்க, பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, எதிர் ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் மூடிவிட்டு, உன் சுவர்ப் பக்கம் பிடித்தேன். தென்னை மரமும் பக்கத்து வீட்டு லோரியும் குட்டியாக, தலைகீழாக, பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் சுவரில் வந்து நின்றன. அழுக்குச் சுவரில் அப்படி விழாது மச்சான். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், பால் வெள்ளை. மூன்று கோட்டும் வெள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது, புதுக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று உன் அக்கா திட்டினாள்.

தப்பு என்னுடையது. சம்பந்தி வீட்டார் முன்னாலேயே அதையும் சொல்கிறேன். நீ வந்து அவளுக்கு மாலை போடு. உன் வீட்டில் சிரிப்பும் சோறும் குறையாமல் இருக்க பத்துமலை முருகனை வேண்டிக்கொண்டு, உன் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடியே முடிக்கிறேன்.

அன்புள்ள மாமா,
செல்லையா.

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன், காலை வெயில் விழும் நேரத்தில் சுவரை இன்னொரு தரம் பார்த்தேன். புதுக் கண்ணுக்குக் கொஞ்ச நாள் எல்லாமே லேசாக நீலம் தட்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாள். அவள் கண்ணுக்கு டாக்டர், பெயிண்டுக்கு இல்லை. மச்சான், சுவரில் நீலம் ஓடுகிறது. வரும்போது மாலையோடு ஏணியையும் கொண்டு வா.