கேப்டன் சின்னசாமியின் தொப்பி

சர்ச்சில் முதல் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முந்தின நாள் கௌதமின் கொள்ளுத்தாத்தா கேப்டன் பதவியை இழந்தார்.

வெளிநாட்டுக் கப்பல் ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து வந்த மின்னஞ்சலை அவன் நான்கு முறை படித்தான். ‘சின்னசாமி என்ற பெயரில் கேப்டன் எவரும் இல்லை. 1934ஆம் ஆண்டுப் பணியாளர் பட்டியலில் ஆம்பூர் சின்னசாமி என்று ஒருவர் உண்டு. பணி: இரண்டாம் சமையல்காரர்.’

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், வந்திறங்கும் ஒவ்வொரு தோலும் எந்தச் சந்தையில் வாங்கியது, எந்த டேனரியில் பதனிட்டது என்று மூலம் தேடிப் பதிவு செய்வதுதான் கௌதமின் வேலை. வருங்கால மாமனார் பிரேம்நாத் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

“மாட்டுக்கே பூர்வீகம் சொல்ற ஆளு நீங்க. உங்க கேப்டனுக்கு ஒரு பேப்பர் காட்டக் கூடாதா மாப்ளே?”

பிரேம்நாத் ஏற்றுமதி டாக்குமெண்ட் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மழை பெய்தால்கூட ரசீது கேட்பார். அவருடைய தாத்தாவும் கப்பல் கேப்டன். கேப்டன் குடும்பத்துப் பெண் கேப்டன் குடும்பத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அப்படி அமைந்ததுதான் அவர் மகள் கிறிஸ்டினாவின் சம்பந்தம்.

“அப்பா, தாத்தா கேப்டன் இல்ல. குக்.”

அப்பா அன்பரசன் முதலில் ஜன்னலைச் சாத்தினார். “குக்குன்னா இன்னா, ஹெட் குக்கா?”

“ரெண்டாவது குக்.”

“அப்புறமா மேல வந்திருப்பாருடா. அடுத்த வருஷ லிஸ்ட்டக் கேளு.”

கௌதமுக்கு அது நியாயமாகப் பட்டது. தேடியதில் தானே தவறியிருக்கலாம். எதிலும் தன்னைத்தான் அவன் முதலில் சந்தேகிப்பான். ஆபீஸ் வழக்கப்படி ஒரு ஃபைல் தொடங்கினான். ‘லாட் எண்: கொ.தா. 1. மூலம்: ஆம்பூர். தரம்:’ என்று எழுதி, அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டான்.

மறுநாள் சர்ச்சில் ஃபாதர் ஓலை வாசித்தார். கௌதமுக்கும் கிறிஸ்டினாவுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்பார்கள். யாரும் எழவில்லை. கௌதமுக்குத்தான் முழங்கால் லேசாக எழப் பார்த்தது.

வெளியே வந்ததும் அன்பரசன் முந்திக்கொண்டார். “பேப்பர் வருது சம்பந்தி. சர்வீஸ் ஜாஸ்தியாச்சே, தேடி எடுக்க டைம் ஆகுதாம்.”

பிரேம்நாத் மகிழ்ந்து போனார். அந்த வாரமே பத்திரிகை அச்சாகி வந்தது. ‘கேப்டன் சின்னசாமி அவர்களின் கொள்ளுப்பேரன்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. எழுநூறு பிரதிகள்.

இரண்டாவது மின்னஞ்சல் அடுத்த சனிக்கிழமை வந்தது. சின்னசாமிக்கு அடுத்த வருடப் பதிவே இல்லை. கப்பலில் ஏறிய நாற்பத்தோராவது நாள், மதராஸ் துறைமுகத்தில் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

“நாப்பத்தோரு நாளா?” என்றார் அன்பரசன். “நம்ம வீட்ல பெயிண்ட் அடிக்கவே அதுக்கு மேல ஆச்சேடா!”

“மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்பா.”

“பேஜார் பண்ணாத. பேப்பர் போனா போவட்டும், போட்டோ இருக்கு இல்ல?”

இருந்தது. ஹாலில், மாலைக்கு நடுவே, சின்னசாமி கேப்டன் தொப்பியோடு நின்றார். தொப்பியில் நங்கூர முத்திரை. அதில் ஒரு கொக்கி இல்லை. புயலில் உடைந்தது என்று வீட்டில் நான்கு தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

அன்பரசன் போனை எடுத்தார். பிரேம்நாத் துள்ளினார். “அட, எங்க தாத்தா போட்டோ வேலூர் ஸ்டுடியோவுலதான் இருக்கு, பெருசு பண்ண. உங்களதையும் அங்கயே குடுத்துடுங்க. ரிசப்ஷன் மேடையில ரெண்டு கேப்டனும் நாலடி உயரத்துல! எங்க தாத்தா உலகப் போர்ல கப்பல் ஓட்டினவரு சம்பந்தி. தொப்பியிலேயே குண்டு பட்டிருக்கு!”

படம் ஸ்டுடியோவுக்குப் போனது. இரண்டாவது ஓலையும் தடையில்லாமல் முடிந்தது.

கௌதம் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓடிப்போனதாக எழுதியவர்தான் தவறியிருப்பாரோ என்று ஒரு சந்தேகம். கப்பலின் நாட்குறிப்புப் பக்கத்தையும் கேட்டு எழுதினான்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் அது வந்தது. ‘இரண்டாம் சமையல்காரர் சின்னசாமியைக் காணவில்லை. கேப்டனின் தொப்பியையும் காணவில்லை. அடையாளம்: நங்கூர முத்திரையில் ஒரு கொக்கி உடைந்தது.’

கௌதம் வெறுஞ்சுவரைப் பார்த்தான். தாத்தா திருடர் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதைத்தான் நாலடிக்குப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஃபைலில் ‘குறைபாடுகள்’ என்ற கட்டத்தை நிரப்பினான். இடம் போதவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு நேராகப் பிரேம்நாத் வீட்டுக்குப் போனான்.

பிரேம்நாத் மூன்று தாளையும் படித்தார். முதல் தாளில் ‘மாப்ளே’ என்றவர், மூன்றாவது தாளில் ‘தம்பி’க்கு இறங்கியிருந்தார்.

“ஏன் தம்பி, சமையல்காரன். அதுவும் ஓடிப்போனவன். அதுவும் தொப்பித் திருடன்!”

“ஆமா மாமா. மூணுக்கும் பேப்பர் இருக்கு.”

“கேப்டன் ரத்தம் ஓடுற வீடு இது! நாளைக்கு ஃபாதர் கேப்பாரு இல்ல, தடை இருக்கான்னு? நான் எழுந்து நிக்கிறேன்.”

கிறிஸ்டினா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “அப்பா, சமையல்காரர் பரம்பரைன்னா எனக்கு நல்லதுதானே? சமைப்பானான்னு கேளுங்க.”

“நீ சும்மா இரு.”

“முட்டை வேக வைப்பேன்,” என்றான் கௌதம். பொய் சொல்ல அவனுக்கு இப்போதும் வரவில்லை.

“எதுக்கு நீயே தோண்டி எடுத்துட்டு வந்த?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“தெரிஞ்சதுக்கப்புறம் சொல்லாம எப்படி உன் பக்கத்துல வந்து நிக்கறது?”

அப்பா பக்கத்தில் நின்றிருந்தவள் கௌதம் பக்கம் வந்து நின்றாள்.

“இங்க வா கிறிஸ்டினா,” என்று பிரேம்நாத் அதட்டும்போதே வாசலில் ஆட்டோ சத்தம். வேலூர் ஸ்டுடியோ நிசார் அஹமது, பேப்பர் சுற்றிய இரண்டு பெரிய படங்களைத் தள்ளாடித் தூக்கி வந்தார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க பாய்,” என்றார் பிரேம்நாத். “பிரிங்க. நெசமான கேப்டன் எப்படி இருப்பாருன்னு இவரு பாக்கட்டும்.”

நிசார் பேப்பரைக் கிழித்து இரண்டு படங்களையும் சுவரோரம் சாய்த்தார். இரண்டு தாத்தாக்களும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். இரண்டு தலையிலும் தொப்பி. கௌதம் குனிந்து, தோலில் குறை பார்ப்பதுபோல் பார்த்தான். இரண்டு நங்கூரத்திலும் அதே பக்கத்துக் கொக்கி இல்லை.

“அது... குண்டு பட்டது,” என்றார் பிரேம்நாத்.

நிசார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“குண்டு இன்னா சார், அது எங்க ஸ்டுடியோ தொப்பி! எங்க தாதா, அப்பாவோட அப்பா, யாரோ ஒரு கப்பல் சமையல்காரர்கிட்ட வாங்கினது, வரும்போதே உடைஞ்சிருந்துச்சாம். அதைப் போட்டு போட்டோ புடிச்ச கேப்டனுங்க வேலூர்லேர்ந்து ஆம்பூர் வரைக்கும் இருபத்தேழு பேரு, அதுல கப்பலக் கண்ணால பார்த்தது அந்தச் சமையல்காரர் ஒருத்தர்தானாம்.”