மூன்று வேளை விரல்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்பார்கள். எங்கள் அலுவலகத்தின் வருகைப்பதிவு விதிகளைப் படிக்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் 'இளைஞர் வனப் பாதுகாப்புப் பணித் திட்ட'த்தின் வருகைப் பிரிவு எழுத்தர். மலைக்காட்டில் சருகை அகற்றித் தீ பரவாமல் தடுப்பது இளைஞர்களின் வேலை. அவர்கள் வந்தார்களா என்று பார்ப்பது என் வேலை. இரண்டில் எது பெரியது என்று நானே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும்.

விதி மிக எளிது. காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து என மூன்று வேளையும் கருவியில் விரல் வைக்க வேண்டும். தொண்ணூறு நாள் விடாமல் வைத்தவர் திட்டத்தில் 'சேர்க்கப்படுவார்'. சேர்ந்தபின் மொத்தச் சம்பளமும் ஒன்றாக வரும். ஒரு வேளை தவறினாலும் மறுபடி முதல் நாள்.

கருவி அலுவலகச் சுவரில் இருக்கிறது. மலை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம்.

"கருவிய மலையிலயே மாட்டினா என்ன சார்?" என்று முதல் நாளே கேட்டாள், சேர வந்த இருபத்துநான்கு பேரில் ஒருத்தியான தையல்காரர் மகள்.

"காட்டுல யாராவது திருடிட்டா?"

"காட்டுல யாரு சார் இருக்கா?"

"நீங்கதான்."

ஆக, இருபத்துநான்கு பேரும் தினமும் ஆறு மணி நேரம் பஸ்ஸிலும் இரண்டு மணி நேரம் காட்டிலும் உழைத்தார்கள். இன்றுவரை அந்தப் பஸ்ஸில் ஒரு சருகுகூடக் கிடையாது.

தையல்காரருக்குக் கண்புரை. காலையில் பத்து ஊசிகளில் நூல் கோர்த்து வைத்துவிட்டுத்தான் மகள் வருவாள். சம்பளம் வந்ததும் ஆபரேஷன். அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்குமேல், விதிப்படி, இளமை கிடையாது.

எண்பத்தொன்பதாம் நாள், பதினொன்றே முக்காலுக்கு என் மனைவி போன் செய்தாள். எங்கள் புது வீடு அந்த மலையடிவாரத்தில்தான்.

"ஏங்க, மலையில தீ! நம்ம வீட்டுப் பக்கம் எறங்குது!"

"திட்டத்துப் பிள்ளைங்க இருப்பாங்களே?"

"புகையப் பாத்துட்டே பதினொன்றரை பஸ்ல ஏறிட்டாங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் பச்சைக் கிளைய ஒடிச்சு அடிச்சுக்கிட்டிருக்கா!"

நான் பதறிப்போனேன். "அய்யய்யோ, அவ பஸ்ஸ விட்டுட்டாளே!"

மதியம் ஒன்றுக்கு இருபத்துமூன்று விரல்கள் வந்து சேர்ந்தன. அங்கே என் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் குடம் குடமாகத் தண்ணீர் கொடுக்க, அவள் தீயை அணைத்தாள். எங்கள் சமையலறைச் சுவருக்கு இருபது அடி தள்ளித் தீ நின்றது.

மாலை ஐந்துக்கு வந்தாள். முகமெல்லாம் கரி. கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். கொப்புளம், கருவி ஏற்கவில்லை. விதி தெரிந்த கருவி.

"ஒரு வேளைதானே சார் தவறிச்சு? நான் எங்க இருந்தேன்னு உங்க வீட்டுலயே கேளுங்க."

"வீட்டுப் பேச்சை ஆபீஸ்ல கலக்கக் கூடாதும்மா. நாளைக்கு உனக்கு முதல் நாள்."

"தொண்ணூறு நாள் முடியறப்போ வயசு தாண்டிடுமே சார்."

அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பதிவேட்டில் வெட்கத்துக்குத் தனிக் கட்டம் இல்லை.

மறுநாள் மீதிப் பேர் தொண்ணூறைத் தொட்டார்கள். அவள் பெயர் அடிக்கப்பட்டதால் வருகை நூற்றுக்கு நூறு. பாராட்டு விழா வைத்தோம். தலைமை அதிகாரி சம்பள உறைகளை வழங்கிவிட்டுப் பெருமிதத்தோடு கேட்டார்:

"மறுபடி மலையில தீப் புடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பதினொன்றரை பஸ்ஸப் புடிச்சிடுவோம் சார்!" என்றார்கள் இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில்.

அதிகாரி கைதட்டினார். நான் அவரைவிடப் பலமாகக் கைதட்டினேன். திட்டம் முழு வெற்றி.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, 'இந்த வீடு விற்பனைக்கு' என்று எழுதி வாசலில் மாட்டினேன்.