வீட்டுப் பால் சாம்பிள்

பால் இன்ஸ்பெக்டர் தலையைக் கண்டாலே பால்காரர்கள் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே டீ, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தால்? மானம் கப்பலேறிவிடாதா?

மூன்று நாளாகவே அவருக்குச் சந்தேகம். இன்று மாலை கப்பை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கப்பின் அடியில் வரைந்திருந்த பூ பளிச்சென்று தெரிந்தது.

"பால்காரன் கை வச்சுட்டான்."

"இன்ஸ்பெக்டர் வீட்டுலயா?" என்றாள் மனைவி. "பயத்துல நம்ம வாசல்ல தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாருங்க அவர்."

"அவன் லைசென்ஸைக் கிழிக்கலைன்னா நான் இன்ஸ்பெக்டரே இல்ல."

ஆபீஸ் பையிலிருந்து பால்மானியை எடுத்து அடுப்படிப் பாத்திரத்தில் விட்டார். மிதக்க வேண்டியது பொசுக்கென்று ஆழத்துக்குப் போனது. உடனே பாலைப் பாட்டிலில் ஊற்றி, மூடி, அரக்கு வைத்து, சீட்டு ஒட்டினார். சாட்சியாக மனைவி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். அவருக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

தெருவில் பால் ஊற்றிக்கொண்டிருந்த பால்காரரை உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டு லிட்டர் பால்ல நாலு டம்ளர் தண்ணி. போடு கையெழுத்த."

"புள்ளகுட்டிக்காரன்யா நான். ஒரு சொட்டு கலக்கலைங்க. லைசென்ஸ் போனா குடும்பமே நடுத்தெருவுல நிக்கும்."

"கை நடுங்குதா? கைநாட்டு வச்சாலும் செல்லும்."

"ஏங்க, ஒருவேளை வீட்டுல யாராவது கலந்திருந்தா?" என்றாள் மனைவி.

"வீட்டுல கலந்தது ஒரு டம்ளர்தான். மிச்சம் மூணும் இவன் வேலை."

பால்காரர் மரியாதையாக விட்டத்தைப் பார்த்தார்.

"அந்த ஒரு டம்ளர் யாருங்க கலந்தது?" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் பாட்டிலில் ஒட்டிய சீட்டை மறுபடி நீவிவிட்டார். கொழுப்பு ஏறிவிட்டது, பாலைத் தொடாதே என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம். அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போகும் நேரத்தில் தினமும் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, அளவு குறையாமலிருக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்தவர் வேறு யார்?

"மிச்சம் மூணு டம்ளரும் நான்தான் ஊத்தினேன், மூணு நாளா தினமும்," என்றாள் மனைவி. "வாயால கேட்டா பாலைத் தொடவே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பீங்க. அளக்க விட்டா அளவு தப்பாம சொல்லிடுவீங்க, தெரியும். நல்ல பால் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல பத்திரமா இருக்கு."

அரக்கு காயாத பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். "சாட்சி கையெழுத்து ஆச்சு. பிடிபட்டவர் கையெழுத்துதான் பாக்கி."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அது நிலைகொள்ளாமல் ஆடியது.

பால்காரர் பணிவாகக் குனிந்தார். "கைநாட்டு வச்சாலும் செல்லுங்கய்யா."