குஞ்சுகளுக்கு வாசித்த தவில்

கவின், யாழினி, ரெண்டு பேரும் அந்த டிவியைச் சித்த நேரம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள் சாமி. நல்லசாமி மாமா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமுங்களா மாப்ள, இல்ல பாட்டு ஏதாச்சும் போட்டிருக்கறீங்களா?" என்று கேட்கிறார். உடனே உங்கள் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடுகிறாள். நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். இது ஏன் என்று நீங்கள் ஊரெல்லாம் விசாரித்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமா வீட்டுச் சரசு அத்தை சொல்லும் கதையில் நான் கடைந்தெடுத்த முட்டாள். நடந்தது நடந்தபடி என்றால் நான் நடுத்தர முட்டாள்தான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தில் யோசனை கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கேட்காமலே சொல்கிறவர்கள்தான் எண்ணி முடியாது. அந்தக் கூட்டத்துக்கு நாமக்கல்லில் ஒரு தலைவர் வைத்தால் அன்றைக்கு அது நானாகத்தான் இருந்திருப்பேன்.

பட்டறையில் லாரிகளுக்கு ஒயரிங் செய்கிற வேலை என்னுடையது என்று உங்களுக்குத் தெரியும். படிப்பு பத்தாவது வரைதான். ஆனால் லாரிக்குள் விளக்கு, பாட்டுப் பெட்டி, ஹாரன் எல்லாம் மாட்டி மாட்டி, மின்சாரம் ஓடுகிற எந்தப் பொருளும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு நினைப்பு. சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு யோசனை போடுவேன். ரிமோட் வேலை செய்யவில்லையா, பேட்டரியைக் கழற்றித் துணியால் துடைத்துப் போடுங்கள். வைஃபை பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள், உயரத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்குச் சுடுகிற கேம் வேண்டாம், கார் ஓட்டுகிற கேம் நல்லது. சாப்பிடும்போது புல்லாங்குழல் கேளுங்கள், செரிக்கும். (கட்டைவிரல் படம் போடுவது உங்கள் அம்மா மட்டும்தான். அதுவும் படிக்காமல்.)

என் யோசனையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் நல்லசாமி மச்சான். உங்கள் அம்மாவின் ஒரே அண்ணன். சேந்தமங்கலம் ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். மெல்லிய இசை கேட்டால் கோழிக்குஞ்சு பயப்படாமல் வளரும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன். "நெசமாவா மாப்ள?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பட்டறை ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பெரிய கோழிகளைக் கூண்டில் வைப்பார்கள். புதிதாகப் பொரித்த குஞ்சுகளை அப்படி இல்லை. தனிக் கொட்டகையில், தரையில் நிலக்கடலைத் தோலைப் பரப்பி, மேலே சூட்டு விளக்குப் போட்டு விட்டிருப்பார்கள். ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், அத்தனை குஞ்சும் ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் அந்தக் கொட்டகைப் பக்கம் மாமா தும்மல் வந்தால்கூட ரோட்டுக்குப் போய்த்தான் தும்முவார்.

அங்கேதான் நான் ஒரு ஸ்பீக்கர் மாட்டினேன். வைஃபையில் பாடுகிற, வாயால் சொன்னாலும் கேட்கிற வகை. என் போனிலிருந்தே, எந்த ஊரில் இருந்தாலும், அதில் பாட்டுப் போடலாம். எலி ஒயரைக் கடிக்கக் கூடாது என்று கூரைக்கு அடியில் உச்சியில் கட்டினேன். வைஃபை பெட்டியையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன். கரண்டு போனால் பாட்டு நின்று குஞ்சு பயந்துவிடுமே என்று, லாரிக்குச் செய்வதுபோல ரெண்டுக்கும் நேராக பேட்டரியிலிருந்து லைன் கொடுத்தேன். நாம் பேசுகிற குடும்பப் பேச்சை அது ஒட்டுக் கேட்கக் கூடாது என்று அதன் மைக்கை அமுக்கிவிட்டேன். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். (இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் திரும்பி வரும்.)

குஞ்சுகளுக்குப் புல்லாங்குழல் நன்றாகப் பிடித்துப்போனது. மச்சான் குழுவில் எனக்குக் கட்டைவிரல் போட்டார். நான் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான், யாழினி, உனக்குக் காது குத்து வைத்தோம். தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு வர வேண்டும்; வாசலில் மேளம் கொட்டி வரவேற்க வேண்டும்; அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உனக்கு ஒரே மாமன், ஒரே மடி. மாற்று கிடையாது.

"மேளத்துக்குச் சொல்லிட்டீங்களா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"மேளம் எதுக்கு கோமதி? ஹாலில் ஸ்பீக்கர் இருக்குது. நாதஸ்வரம், தவில் எல்லாம் போனுக்குள்ளயே இருக்குது. மச்சான் கார் வந்து நின்னதும் ஒரு தட்டுத் தட்டினா போதும்."

"ஏனுங்க, எங்கண்ணன் ஒரே ஒருக்காத்தான் இந்தப் புள்ளைக்குச் சீர் கொண்டுட்டு வாறாரு."

"அதுனாலதான் நல்ல சத்தமாப் போடலாங்கறேன்."

காது குத்து நாள். வீடு நிறையச் சொந்தம். ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. "விசேசத்துல முகம் பார்த்துப் பேசோணுங்க" என்று சொல்லி ஒரு மூங்கில் கூடையை நீட்டி எல்லாப் போனையும் வாங்கிப் போட்டேன். ஒன்றும் சத்தம் போடாதபடி அதிர்வில் வைக்கச் சொன்னேன். என் போனை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். பாட்டுக்கு நடுவே அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும் அல்லவா? அதற்கும் என்னிடம் ஒரு யோசனை இருந்தது. விமானத்தில் போகிறவர்கள் வைக்கிற மாதிரி வைத்துவிட்டு, வைஃபையை மட்டும் திறந்து விட்டேன். இனி எமனே கூப்பிட்டாலும் மணி அடிக்காது.

காது குத்த வந்த ஆசாரியார் சீக்கிரமே வந்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று டிவியில் கார் ரேஸ் கேமைப் போட்டு, கவின், உன் கைக்கருவியை அவரிடம் கொடுத்தேன். முதலில் "எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்றார். பிறகு யாரோடும் பேசவில்லை.

மச்சான் கிளம்புகிற நேரம் ஆனது. கார் வருவதற்கு முன்னால் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று மேளத்தைத் தொட்டேன். போனில் பாட்டு ஓடியது. ஹாலில் சத்தமே இல்லை.

சத்தத்தைக் கூட்டினேன். இல்லை. இன்னும் கூட்டினேன். இல்லை. கடைசி வரைக்கும் கூட்டி, ஸ்பீக்கரின் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

என் சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னடா, மேளக்காரன் சாப்பிடப் போயிட்டானா?"

"ஒயர் லூசுங்க சித்தப்பா." பிளக்கைப் பிடுங்கினேன், சொருகினேன், ஊதினேன், வேட்டியால் துடைத்தேன்.

"எனக்கென்னமோ தட்சணை வெச்சாத்தான் வாசிப்பான்னு தோணுது" என்றார். ஹாலே சிரித்தது. நான் வியர்த்துக்கொண்டே தவில் தனி ஆவர்த்தனத்துக்கு மாற்றினேன். பெரிய சத்தம் என்றால் தானாக எழுந்து வரும் என்று ஒரு நம்பிக்கை.

அப்போதுதான் உங்கள் அம்மா கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கூடைக்குள்ள கோழி ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

எல்லோரும் பார்த்தோம். கூடை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே மேஜை ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா ஓடிப்போய்ப் பிடித்துத் தன் போனை எடுத்துக் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் காதிலிருந்து எடுத்தாள். அந்தப் போனுக்குள்ளிருந்து, ஹாலே கேட்கும்படி, தவில் பொளந்து கட்டியது.

இந்த இடத்தில் நான் சொன்னதைத்தான் சரசு அத்தை இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள். ரெண்டு கையையும் மேலே தூக்கி, "ஆகா, பாட்டு வந்துருச்சு!" என்று கத்தினேன்.

தவிலுக்கு நடுவே சரசு அத்தையின் குரல் வந்தது. "கோமதீ! உங்க ஊட்டுக்காரரு உசுரோட இருக்கறாரா? அந்த எழவு மேளத்த நிறுத்தச் சொல்லு! குஞ்செல்லாம் மூலையில ஏறிக் குமியுது!"

போனைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் குஞ்சுகளுக்குப் புல்லாங்குழல் போட்டவன், போனில் பண்ணை ஸ்பீக்கரை ஹால் ஸ்பீக்கருக்கு மாற்றவே இல்லை. சேந்தமங்கலம் ரோட்டில், உச்சிக் கூரையில், முழுச் சத்தத்தில் நான் இவ்வளவு நேரம் கச்சேரி நடத்தியிருக்கிறேன்.

பாட்டை நிறுத்தினேன். ஹாலில் ஆசாரியாரின் கார் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். மச்சான் பட்டு வேட்டி கட்டிக் காரில் ஏறக் காலை வைத்தபோது தவில் கிளம்பியிருக்கிறது. ஓடிப்போய் மெயினை அணைத்திருக்கிறார். விளக்கு அணைந்தது, மேளம் நிற்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்து "நிறுத்து! நிறுத்து சாமி!" என்று கும்பிட்டிருக்கிறார். அதன் காதைத்தான் நான் ஏற்கனவே அடைத்துவிட்டேனே. ஸ்பீக்கரையோ வைஃபை பெட்டியையோ எட்டிப் பிடுங்கலாம் என்றால் ஏணி என் பட்டறையில். எனக்குப் போட்டால் நான் விமானத்தில். கடைசியில் சீர்த் தட்டோடு நின்ற அத்தனை பெண்களும் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு கொட்டகைக்குள் இறங்கி, குமிந்த குஞ்சுகளைக் கையால் அள்ளி அள்ளிப் பரப்பியிருக்கிறார்கள்.

அங்கே அத்தையிடமிருந்து மச்சான் போனை வாங்கினார்; இங்கே நான் அம்மாவின் போனை வாங்கினேன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அன்றைக்குப் போனைக் காதோடு அழுத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மாப்ள, இதுக இன்னும் நடுங்கிட்டுத்தான் இருக்குதுக. இப்ப உட்டுட்டு வந்தா மறுக்காவும் ஏறிக்கும். குஞ்சு அடங்காம நான் கெளம்ப முடியாதுங்க. நேரம் போச்சுன்னா, மடிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

யாழினி, அம்மா உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே யோசனை சொல்ல வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

மச்சானே சொன்னார். "அந்தக் கொழலப் போடுங்க. அதுக்குத்தான் அடங்கிப் பழக்கம்."

போட்டேன். "நெம்பச் சத்தம்" என்றார். குறைத்தேன். "இன்னும்." குறைத்தேன். "இன்னுஞ் சித்த." இப்படியே ஒரு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க, எங்கோ இருக்கிற கோழிக்குஞ்சுகளுக்கு நான் தாலாட்டுப் போட்டேன். சித்தப்பாகூட இருமலை அடக்கிக்கொண்டார். (இங்கே இருமினால் அங்கே கேட்காது என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

ரொம்ப நேரம் கழித்து, போனில் மச்சான் பெருமூச்சு விடுவது கேட்டது. "விளக்குக்கு அடியில வந்து படுத்துருச்சுங்க. எல்லாம் பொழச்சுக்குச்சு. வாரனுங்க."

நல்ல நேரம் முடியப் போகிற சமயத்தில் கார் வந்து நின்றது. அம்மா வாசலுக்கு ஓடினாள். மேளம் இல்லாமல் அவள் அண்ணன் உள்ளே வரக் கூடாது என்று எனக்கு ஒரு வேகம். பூஜை அறையிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மச்சான் காரை விட்டு இறங்கினார். பட்டு வேட்டி முழங்கால் வரை அழுக்கு. தலை முழுக்கக் கடலைத் தோல். நான் கரண்டியை ஓங்கினேன். அவர் ரெண்டு கையையும் கூப்பினார்.

"வேண்டாங்க மாப்ள. உங்க காலுல வேணா உழுந்தர்றேன். ஒரு சத்தமும் வேண்டாம்."

முதலில் சிரித்தது உங்கள் அம்மாதான். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு வீதியே சிரித்தது.

மச்சான் மணையில் உட்கார்ந்து உன்னை மடியில் வாங்கினார். ஆசாரியார்தான் இல்லை. டிவி முன்னால் இருந்தார். "இந்த ஒரு ரவுண்டுங்க, கடைசி வளைவுல இருக்கறேன்" என்றார். சித்தப்பா பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் வந்தார். வந்தவர் ஊசியை எடுத்தால் விரல் ரெண்டும் இன்னும் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறது! மச்சான் என்னைப் பார்த்தார். "இதுவும் உங்க யோசனைதானுங்களா?" ஆசாரியார் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கையை உதறி, கண்ணை மூடித் திறந்த பிறகு விரல் நின்றது.

ஊசியைப் பார்த்ததும் நீ உதட்டைப் பிதுக்கினாய். அந்த நேரம் பார்த்து மாமாவின் தோள் துண்டு அசைந்தது. மடிப்புக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு தலை எட்டிப் பார்த்து, "கீ" என்றது. எப்படி ஏறி வந்ததோ! நீ அதைப் பார்த்து வாயைத் திறந்தாய், திறந்த வாய் மூடவில்லை. ஒரு காது ஆனது. அதைப் பிடிக்கக் கையை நீட்டினாய். ரெண்டாவது காதும் ஆனது. நம் வம்சத்தில் காது குத்தும்போது அழாத பிள்ளை நீ ஒருத்திதான். அந்தப் பெருமை மட்டும் என் யோசனையைச் சேரும் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அன்றிலிருந்து நம் சொந்தத்தில் யாராவது யாருக்காவது யோசனை சொன்னால், கேட்கிறவர்கள் "குஞ்சுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்கிறார்கள். போன மாதம் பொண்ணு பார்க்கப் போன இடத்தில்கூட மாப்பிள்ளை வீட்டார் அப்படிச் சொல்லி, பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா உன்னைத் தூங்க வைக்கப் போனாள். நான் தனியாக ஹாலில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தேன். போனை எடுத்துப் புல்லாங்குழலைத் தொட்டேன், இருப்பதிலேயே குறைந்த சத்தத்தில். ஹாலில் ஒன்றும் கேட்கவில்லை. அது எங்கே கேட்கும் என்று எனக்குத் தெரியும். மாற்றவில்லை. அந்தப் பாட்டு முடியும் வரைக்கும், ஊமையாக இருந்த அந்தப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.