கடைசிப் பெயர்க்காரர்

ஆட்டைப் பற்றி எழுதியாகிவிட்டது. மாட்டைப் பற்றி, எருமையைப் பற்றி, கோழியைப் பற்றி, கோழியின் குடலில் குடித்தனம் நடத்தும் புழுவைப் பற்றிக்கூட மூட்டை மூட்டையாக எழுதிக் குவித்துவிட்டார்கள். ஆனால் இதையெல்லாம் எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அந்த இனத்தைப் பற்றி மட்டும் இதுவரை ஒருவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இப்போது உங்களைக் கூப்பிட்டது. அந்த இனத்தில் எல்லாரையும் அல்ல, நன்றாகக் கொழுத்த ஒரே ஒரு வகையைப் பிடித்துக் கட்டி வைத்துப் பார்க்கப் போகிறோம். கிட்டே வரலாம், முட்டாது. பெயர் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இவர்தான் கடைசிப் பெயர்க்காரர்.

கால்நடை அறிவியல் இதழ் ஒன்றைப் புரட்டினால் இவரைப் பார்க்கலாம். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே பெயர்கள் வரிசையாக நிற்கும். முதல் பெயர் வேலை செய்தவருடையது. நடுவில் நிற்பவை, தராசை இரவல் கொடுத்தவர், கணக்குப் போட்டுக் கொடுத்தவர், நடைபாதையில் வழிமறித்து "என் பேரையும் சேத்துடு" என்று சொன்னவர் ஆகியோருடையவை. கடைசியில் நிற்பது துறைத்தலைவருடைய பெயர். அந்தக் கட்டுரைக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? துறைத்தலைவராக இருந்தார். வேறென்ன செய்ய வேண்டும்?

நம் கையில் சிக்கியிருப்பவர் ஒரு கால்நடைக் கல்லூரியில் தீவனத் துறைக்குத் தலைவர். கதவில் ஒரு பெயர்ப்பலகை, மேசையில் ஒரு பெயர்ப்பலகை, தூங்கிவிட்டால் அடையாளம் காண வசதியாகச் சட்டைப் பையில் இன்னொன்று. எட்டத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறார். எட்டத்துக் கண்ணாடி கீறல் விழுந்து, ஒரு பக்கக் கம்பி ஒடிந்து, பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். படிக்கிற கண்ணாடியோ கடையில் வாங்கிய மெருகு குலையாமல் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். ஆட்டுக் கொட்டகைப் பக்கம் அவர் கடைசியாகப் போனது புதுக் கொட்டகையைத் திறந்து வைக்க. அன்றைக்கு அவர் வாசிக்க வைத்திருந்த உரையை ஒரு கிடா எட்டிப் பிடுங்கித் தின்றுவிட்டது. அதை எழுதிக் கொடுத்தவரைத் தவிர வேறு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டிலும் இதே வழக்கம்தான். வந்த விருந்தாளி சாப்பாட்டைப் பாராட்டினால், "ஏதோ எங்களால முடிஞ்சது" என்பார். மகள் பரீட்சையில் தேறினால், "நாங்க பாஸ் பண்ணிட்டோம்" என்று தெருவுக்கே சொல்வார். தேறாவிட்டால் மனைவியைப் பார்த்து, "உன் பொண்ணு என்ன பண்ணியிருக்கா பாரு" என்பார். அந்த அம்மாள் இதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் கடைசியில் வராமல் முதலில் வந்ததிலிருந்தே அவருக்கு மனக்குறை என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த இனத்துக்கு இரண்டு முக்கியமான குணங்கள் உண்டு. குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, எந்தக் கட்டுரையையும் இவர்கள் பின்னாலிருந்து படிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் யார் யாருடைய பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்தாண்டோம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் தன் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று விரல் விட்டு எண்ணுவார்கள். நிறைய வந்தால் நல்ல கட்டுரை, கொஞ்சம் வந்தால் சுமாரான கட்டுரை, வராவிட்டால் அது கட்டுரையே இல்லை. இரண்டாவது, எது வந்தாலும் எழுதும் பதில். நம்மவருக்கு யார் என்ன மின்னஞ்சல் அனுப்பினாலும், "நல்லது. அப்படியே அனுப்பலாம்" என்று விரல்கள் தாமாகவே தட்டிவிடும். கழிப்பறைக் குழாய் உடைந்து துறையே மிதக்கிறது என்று காவலாளி எழுதியதற்கும் அதே பதில்தான் போயிற்று.

இவரிடம் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். மாணவி என்றதும் இரட்டைப் பின்னலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற மகளும், பொறுமைசாலிக் கணவனும் உள்ளவள். பால் ஆடுகளுக்கு உலர்ந்த மர இலையைத் தீவனத்தில் கலந்து போட்டால் பாலில் கொழுப்பு கூடுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பால் கறப்பாள், இலையை நிறுப்பாள், ஆடு மீதி வைத்ததை நிறுப்பாள், மற்றதையும் பையில் பிடித்து நிறுப்பாள். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வரும். வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே மகள் உள்ளேயிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மா வந்தாச்சு" என்று அறிவிப்பாள்.

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் தீவன ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஆனால் கோடை முடிவதற்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். பட்டத்துக்கோ ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கட்டுரையையாவது ஏதாவதொரு இதழ் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அவள் உட்கார்ந்து எழுதி, அடித்து எழுதி, துறைத்தலைவருக்கு அனுப்பினாள். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவளும் அப்படியே இதழுக்கு அனுப்பினாள், கடைசியில் அவர் பெயரைப் போட்டு.

இனிமேல்தான் வேடிக்கை. இதழுக்கு வந்த கட்டுரையை அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, தேறுமா தேறாதா என்று கேட்பார்கள். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியக் கூடாது. அதற்காகத் தலைப்பின் கீழிருக்கும் பெயர்களை எடுத்துவிடுவார்கள். எழுதியவர்களின் பழைய கட்டுரைகள் உள்ளே வரும் இடங்களிலும் பெயரை அழித்து, "பெயர் மறைக்கப்பட்டுள்ளது" என்று எழுதச் சொல்வார்கள். நம் மாணவியும் துறைத்தலைவர் பெயர் வந்த இடத்திலெல்லாம் ஒன்று விடாமல் மறைத்திருந்தாள். இதழ் அலுவலகத்தில் ஆட்டுத் தீவனம் தெரிந்தவர் யார் என்று தேடினார்கள். நம்மவர் பெயர்தான் கண்ணில் பட்டது. கட்டுரையை அனுப்பியவர்களிலும் இவர் பெயர் இருக்கிறதே, பார்க்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். அதைப் பார்க்க வேண்டியவரும் ஒரு கடைசிப் பெயர்க்காரர்தான் ஐயா.

மதிப்பிட வருகிறவர், "இது என்னுடைய கட்டுரை அல்ல, எழுதியவர்களோடு எனக்குத் தொடர்பில்லை" என்று ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். நம்மவர் போட்டார். கட்டத்தைக் கண்டால் குறி போடுவார், பக்கத்தில் உள்ளதைப் படிக்கிற வழக்கமில்லை. பிறகு, இப்படி வருகிற கட்டுரைகளை எப்போதும் செய்வதுபோல மாணவிக்கே தள்ளிவிட்டு, ரெண்டு பக்கம் எழுதிக் கொடும்மா என்று சொல்லிவிட்டார்.

அவள் திறந்து பார்த்தாள். அவளுடைய ஆடுகள், அவளுடைய இலை. தூக்கிவாரிப் போட்டது. ஓடிப் போய்த் துறைத்தலைவர் முன்னால் நின்றாள். அவர் தொலைபேசியில் யாரிடமோ ஒரு பாராட்டு விழாவுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார், கையைக் காட்டி அப்புறம் வரச் சொன்னார். அப்புறம் போனாள், அப்போதும் கை. வேறு வழியில்லாமல் மின்னஞ்சலில் விலாவாரியாக எழுதினாள். இது நம்முடைய கட்டுரை, நாமே மதிப்பிடுவது தப்பு, தயவுசெய்து இதழுக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று. "நல்லது. அப்படியே அனுப்பலாம்" என்று உடனே பதில் வந்தது. அப்பாடா, திருப்பி அனுப்பிவிட்டார் என்று அவள் நிம்மதியாகப் பால் கறக்கப் போனாள்.

அவர் எங்கே அனுப்பினார்? மறந்துவிட்டார். இதழிலிருந்து நினைவூட்டல் வந்தபோது பல் வைத்தியரிடம் காத்திருந்தார். பல் வலி, முன்னால் நல்ல கூட்டம், பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. இந்தப் பெண்ணை நம்பினால் இப்படித்தான், நாமே முடித்துவிடுவோம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக, மதிப்பிட வந்த ஒரு கட்டுரையைக் கைபேசியில் தானே திறந்தார். வழக்கம்போலப் பின்னாலிருந்து. விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். விரல் நீட்டியபடியே நின்றது. ஒரு தடவைகூட இல்லை. ஆட்டுத் தீவனத்தைப் பற்றி ஒருவன் கட்டுரை எழுதுகிறான், அதில் என் பெயர் இல்லையா? முன்னால் புரட்டினால் எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்தது. அட, இது நம்ம துறை வேலையாயிற்றே. அதையும் திருடி, பெயரையும் மறைத்துவிட்டானா பாவி? பல் வலி போன இடம் தெரியவில்லை. எழுதியவருக்கு அடிப்படை அறிவே இல்லை, இத்துறையின் முன்னோடியைக்கூடக் கேள்விப்பட்டதில்லை, இதை எந்தக் காலத்திலும் வெளியிடக் கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு எழுதி, தானே அனுப்பியும் வைத்தார்.

மறுநாள் மாணவியை அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். முகமெல்லாம் வெற்றி.

"நல்லவேளை, என்கிட்ட வந்துச்சும்மா. காயவச்ச இலை, பால் ஆடு, நம்ம வேலையை அப்படியே சுட்டிருக்கான் ஒருத்தன். ஒரு இடத்துலகூட என் பேரு இல்ல. வேரோட பிடுங்கிப் போட்டுட்டேன்."

"சார், அது நம்ம பேப்பர்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். நம்ம பேப்பரைத்தான் திருடியிருக்கான்."

"யாரும் திருடல சார். நான்தான் அனுப்பினேன். நான் அனுப்பினதுல கடைசியில உங்க பேரு இருக்கு. யார் எழுதினதுன்னு தெரியக் கூடாதுன்னு உங்களுக்கு வந்ததுல மட்டும் மறைச்சிருக்கு. அதைத்தான் மெயில்ல எழுதினேன். நல்லது, அப்படியே அனுப்பலாம்னு பதில் போட்டீங்க."

அவர் எட்டத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதையெல்லாம் முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கக் கூடாதா என்று அவள்மீதே கொஞ்சம் கோபப்பட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. பிறகு பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார்.

"சரி, ஆனது ஆச்சு. அடுத்த வருஷம் வேற இதழுக்கு அனுப்பிக்கலாம். உனக்கென்னம்மா அவசரம்?"

அவசரம் என்னவென்று இவரிடம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோடை, கூட்டுறவுச் சங்கம், வீட்டு வாடகை, மகளின் பள்ளி, எல்லாம். அவளுக்குக் கொட்டகையில் போய் அழ வேண்டும் போலத்தான் முதலில் இருந்தது. அழுகை பாதி வழியிலேயே கோபமாக மாறிவிட்டது. இதழுக்கு ஒரு கடிதம் எழுதினால் இன்னும் சரி செய்யலாம் என்று தன்மையாகச் சொன்னாள். எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அவர்.

எழுதினாள். அவர் பெயரில்தான் எழுதினாள், ஒரு பொய் கலக்கவில்லை. அந்த மதிப்பீட்டை எழுதியவன் நானே. கட்டுரையை நான் படிக்கவில்லை, என் பெயரை மட்டுமே தேடினேன். என்னுடையது அல்ல என்று குறி போட்டதும் படிக்காமல்தான். இந்த ஆராய்ச்சியில் நான் ஓர் ஆட்டையும் தொட்டதில்லை. ஆகையால் மதிப்பீட்டைத் தள்ளிவிட்டு, கட்டுரையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிட்டு, வேறொருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். இவ்வளவுதான்.

மேசையில் வைத்து, "சார், ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க" என்றாள். சாப்பாட்டுக்குப் போய் வந்து மறுபடியும் சொன்னாள். ஏமாற்றினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். அவர் பேனாவைத் திறந்து, நேரே அடிக்குப் போய், அழகாக, வளைத்து, கீழே ஒரு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இதழுக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியை, துரதிர்ஷ்டவசமாக, படிக்கிற ஜாதி. கடிதத்தைப் படித்தார், கண் கலங்கினார். கட்டுரை வேறு இரண்டு பேரிடம் போய், சின்னத் திருத்தங்களோடு தேறிவிட்டது. கோடை முடிவதற்குள் நம் மாணவி பட்டத்தோடு கூட்டுறவுச் சங்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே நல்ல குளியலறை இருக்கிறதாம். மகள் இப்போது அம்மா வந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

இதழ் வந்த அன்று துறைத்தலைவர் வழக்கம்போலக் கடைசிப் பெயரைப் பார்த்தார். அவளுடையது. முதல் பெயரைப் பார்த்தார். அதுவும் அவளுடையதே. கொதித்துப் போய் ஆசிரியைக்குத் தொலைபேசினார். அவர் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாள், உங்களைப்போல ஒரு நேர்மையாளரை நான் பார்த்ததே இல்லை, உங்கள் கடிதத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நெகிழ்ந்துபோனார். துறைத்தலைவர் தொலைபேசியை வைக்காமலே கடிதத்தின் நகலை வரவழைத்தார். படிக்கிற கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தன் கையெழுத்து வரை, படித்தார். என்ன செய்ய முடியும்? படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால், கடிதத்தில் உள்ளது அத்தனையும் உண்மை என்று ஆகிவிடும். நான் எழுதவில்லை என்று சொன்னால் நேர்மையாளர் பட்டம் போய்விடும். "ஏதோ என்னால முடிஞ்சது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த மாதம், 'ஆராய்ச்சியில் நேர்மை' என்ற தலைப்பில் பெரிய அவையில் பேச அவருக்கு அழைப்பு வந்தது. இவ்வளவுக்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார், ஒரு வரி ஓடவில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொலைபேசினார்.

"நேர்மையைப் பத்தி நீதாம்மா நல்லா எழுதுவ. ரெண்டு பக்கம் எழுதி அனுப்பேன்."

"அதுக்கென்ன சார், தாராளமா அனுப்பறேன்" என்றாள் அவள்.

கூட்டத்துக்கு நாமும் போவோம், முன்வரிசையில் இடம் பிடிப்பது நல்லது. அதுவரை சிரித்துக்கொண்டிருங்கள். உங்களுக்கென்ன, நீங்கள் துறைத்தலைவரா, ஆடா? நீங்கள் பாட்டுக்குச் சிரிக்கலாம். மைத்துனர் அனுப்பிய நீண்ட கவிதைக்கு, இரண்டு வரி படித்ததோடு நிறுத்திவிட்டுக் கைதட்டும் படம் போட்டீர்களே, அது வேறு. மனைவி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தயாரித்த கணக்கை அலுவலகத்தில் "நாங்க போட்டது" என்றீர்களே, அதுவும் வேறு. ஆனால் இந்தக் கட்டுரையை எடுத்ததும் தலைப்பைப் பார்த்துவிட்டு, நடுவில் ஆடு மேய்வது தெரிந்ததும் அலுத்துப்போய், நம்மைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று நேரே இந்தப் பத்திக்குத் தாவி வந்தவராக இருந்தால், வாருங்கள், உங்களுக்காகத்தான் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறோம். பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.