அப்பாவுக்கு வேலை கிடைக்காத வரலாறு

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய தாய்மாமன் அவர்களுக்கு, தங்கள் ஒரே மருமகன் கடல் கடந்து, கண்ணீர் துடைத்து, சனிக்கிழமை மத்தியானம் எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று மாலை நான்கு பத்துக்கு நமது குடும்பம் இந்நாட்டில் தன் முதல் அசையாச் சொத்தை அடைந்தது. அது ஒரு நாற்காலி. மாடிப்படிக்குக் கீழே யாரோ வேண்டாமென்று வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்ததில் நன்றாகவே அசைகிறது. கால்களில் ஒன்று இல்லாததால், உள்ளது உள்ளபடி, முக்காலி என்றே அழைத்து வருகிறோம். நாங்கள் நால்வரும் சௌக்கியம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். இனி உண்மை.

ஆறு வருடம் காத்திருந்தோமா, பிறந்ததற்கு ஒரு சான்றிதழ், படித்ததற்கு ஒன்று, திருடாததற்கு ஒன்று என்று வீட்டு அலமாரியே காகிதக் கிடங்கு ஆனதா, கடைசியில் விமான நிலையத்தில் அந்த அதிகாரி அப்பாவின் முகத்தை ஒரு தடவை, காகிதத்தை ஒரு தடவை பார்த்து, முத்திரை குத்தி, இனி நீங்கள் இந்நாட்டின் நிரந்தரவாசிகள் என்று கைகுலுக்கி அனுப்பிவைக்க நாலே நிமிடம்தான் ஆனது. "அவ்வளவுதானா? எக்ஸ்ரேவையெல்லாம் பாக்கச் சொல்லுடா" என்றாள் அம்மா. மருத்துவப் பரிசோதனைக்கு எடுத்த எங்கள் நால்வரின் நெஞ்சுப் படங்களையும் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள் பாவம். அவர் பார்க்கவே இல்லை. அந்த ஆற்றாமையில், திரை இல்லாத சமையலறை ஜன்னலுக்கு அந்தப் படங்களையே ஒட்டிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் எங்கள் நுரையீரலில்தான் முழிக்கிறார். எங்களை உள்ளும் புறமும் அறிந்த ஒரே மனிதர் அவர்தான், ஆனால் இன்றுவரை ஒரு வணக்கம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் என் கதை அதைவிடக் கேவலம். நம் ஊரில் நான் சும்மா இருமினாலே கடைசி பெஞ்ச் விழுந்து விழுந்து சிரிக்கும். இங்கே ஒரு ஜோக்கை மனதுக்குள் மொழிபெயர்த்து, சரிபார்த்து, வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. சரி, பேச்சில்லாத குறும்பு செய்வோம் என்று முன்னால் இருந்தவனின் இரண்டு ஷூ கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். அவன் தடுக்கி என் மேல் விழுந்து, எழுந்து, என்னிடமே மன்னிப்புக் கேட்டான் மாமா! கட்டினவன் நான், மன்னிப்புக் கேட்டவன் அவன். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கலைஞன் எப்படிப் பிழைப்பான்? தங்கச்சி ஊசிப்பட்டாசுக்கு மட்டும் அதற்குள் மூன்று சிநேகிதிகள். துரோகி.

ஆனால் வீட்டில் என் மதிப்பே தனி. அப்பாவுக்கு இந்த ஊர் மொழியில் நன்றி ஒன்றுதான் தெரியும், பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் அதையே சொல்கிறார். ஆகவே வங்கியா, வாடகையா, ஒழுகுகிற குழாயா, இரண்டு மொழியும் பேசும் அடியேன்தான் இந்தக் குடும்பத்தின் வாய். நான் இல்லாவிட்டால் இவர்கள் கதி அதோகதி. வேலை தேடவும் அப்பாவோடு நானேதான் போகிறேன். இருபத்திரண்டு வருடம் லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவரை, இந்த நாட்டு அனுபவம் இல்லையே என்று நாலு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவதாக, முந்தாநாள் வியாழக்கிழமை, பம்ப் பாகங்கள் கடைகிற ஒரு பட்டறை. முதலாளி ஒரு இரும்புத் தண்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"என்ன அளவுன்னு கேக்கறார்ப்பா."

அப்பா அதை உள்ளங்கையில் உருட்டினார். கட்டைவிரலால் தடவினார். "இருபத்தஞ்சு மில்லி. ஆனா இந்த முனையில ஒரு முடியளவு ஜாஸ்தி. டூல் தேஞ்சுபோச்சுன்னு சொல்லு."

சொன்னேன். முதலாளி கருவி வைத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பி நீளமாகப் பேசி, ஏழு விரலைக் காட்டினார்.

"என்னடா சொல்றாரு?"

"நமக்கு முன்னாடி ஏழு பேர் காத்திருக்காங்களாம்ப்பா. சொல்லி அனுப்புறாராம்."

"அதுக்கு ஏன்டா இவ்வளவு சிரிக்கிறாரு?"

"இந்த ஊர்ல இல்லைங்கறதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க."

அப்பா நாலு தடவை நன்றி சொன்னார்.

ஆறு மாதத்தில் வேலை அமையாவிட்டால் திரும்பிவிடலாம் என்று கிளம்பும்போது உங்கள் எதிரில்தானே சொன்னார்? நாளையோடு ஐந்து முடிகிறது. அவர் யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது உங்கள் பேச்சுதான். "மச்சான், போதும், கிளம்பி வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மாமா, புண்ணியமாகப் போகும். கடைசி பெஞ்சில் என் இடத்தை யாருக்கும் ஒதுக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.

அத்தைக்கு என் வணக்கமும், நான் பள்ளத்தில் விட்ட உங்கள் ஸ்கூட்டருக்கு என் அனுதாபமும் உரித்தாகுக. ஆசி அனுப்பவும், அறிவுரை வேண்டாம்.

இப்படிக்கு,
நால்வருக்கும் ஒரே வாய்

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார், கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"டேய், அடுத்த வாரம் அந்தப் பட்டறைக்கு நானே ஒரு தடவை போய்ப் பாக்கறேன். தரை கூட்டற வேலையா இருந்தாலும் பரவாயில்லைங்கன்னு அவங்க பாஷையில எப்படிச் சொல்லணும்? தமிழ் எழுத்துல எழுதிக் குடு."

"நீங்க ஃபோர்மேன்ப்பா."

"அதெல்லாம் அங்க."

எழுதிக் கொடுத்தேன். இப்போது குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது.

மாமா, ஏழு பேரும் இல்லை, எட்டுப் பேரும் இல்லை. அந்த முதலாளி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரச் சொன்னார். கையாலேயே அளவு சொல்கிற ஆளை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை என்று மற்ற இரண்டு பேரிடமும் சொன்னார். அத்தனையும் நான்தான் விழுங்கினேன். வேலை இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிவிடுவோமே என்று.

மேலே எழுதியதை எல்லாம் அழித்துப் போடுங்கள். இரண்டு மொழி தெரியும் என்று பீற்றிக்கொண்டேனே, இதை அவரிடம் சொல்ல ஒன்றிலும் எனக்கு வாய் வரவில்லை. தபால் போய்ச் சேராது என்பதால் இதைப் படம் எடுத்து இப்போதே உங்கள் போனுக்கு அனுப்புகிறேன், திங்கட்கிழமைக்கு முன்னால் நீங்களே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். நான் அவர் பக்கத்திலேயே நிற்கிறேன், கை எட்டுகிற தூரத்தில்.