கொக்கியா, சம்மட்டியா?

உலகத்தில் இருக்கிற அத்தனையையும் ரெண்டே பேரில் அடக்கிவிட்ட ஆள் ஒருத்தர்தான் இருந்தார். எங்கள் புதுவாயல் கூட்ரோட்டில் அவரை பெல்லு என்பார்கள். மனுசன், மாடு, மழை, மந்திரி, எதுவானாலும் அவருக்கு ஒன்று கொக்கி, இல்லாவிட்டால் சம்மட்டி. மூன்றாவதாக ஒன்றைக் கடவுள் படைக்கவேயில்லை. கும்மிடிப்பூண்டியில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் கொக்கி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று இடி வாங்கிக்கொண்டு போகிற லோக்கல் ட்ரெயின் சம்மட்டி.

கொக்கியும் சம்மட்டியும் குத்துச்சண்டைக்காரர்கள். ரெண்டு பேரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், ரெண்டு பேரும் சாம்பியன்கள். கொக்கி ஒரு இடத்தில் நிற்கமாட்டான். பக்கவாட்டில் வந்து வளைத்துக் குத்துவான். சம்மட்டி நகரவே மாட்டார். பத்து வாங்கிக்கொண்டு ஒன்று கொடுப்பார், அந்த ஒன்று போதும். பெல்லு அந்தக் காலத்தில் ரவுண்டுக்கு ரவுண்டு மணி அடித்தவர். கொக்கி கட்சி. பிற்பாடு கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு இரும்பு மில்லுக்கு வாட்ச்மேன் ஆனார். டூட்டி முடிந்ததும் நாஷ்டாவுக்கு நேரே என் இட்லிக்கடைக்குத்தான் வருவார்.

அந்த சம்மட்டி என் வீட்டுக்காரர்.

அது தெரிந்தேதான் வருவார். என் இட்லியைத் தின்றுகொண்டே கொக்கி புகழ் பாடுவார்.

"யக்கா, இந்த இட்லி கொக்கி. வாய்ல வெச்சா எங்க போச்சின்னே தெர்ல."

"வட?"

"கடிச்ச பல்லு ஆடுது. சம்மட்டிதான்."

"மூடிக்கினு துன்னுய்யா."

என் வடை அன்றன்றைக்குச் சுட்டதுதான். அதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒருமுறை மில்லுக்கு வடக்கேயிருந்து புதிதாக ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, பெல்லுக்கு இந்தி தெரியாது. கொக்கியா சம்மட்டியா என்று தெரியாமல் ஒருத்தன் மில்லுக்குள் போகலாமா? கேட்டிலேயே நிறுத்தி, கொக்கி மாதிரி குதித்துக் காட்டினார். பிறகு சம்மட்டி மாதிரி நின்று, தன் தாடையில் தானே குத்திக்கொண்டு தரையில் விழுந்தார். அவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். மறுநாள் அத்தனை பேரும் தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் குதித்துக் குதித்து உள்ளே போனார்கள். சேப்டி டிரைனிங் என்று நினைத்துவிட்டார்கள் பாவம். சூப்பர்வைசர் பெல்லுவைக் கூப்பிட்டுத் திட்டினதற்கு, "சார், நீங்க சம்மட்டி கட்சின்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாராம்.

தெருவில் புருசன் பெண்டாட்டி சண்டை என்றால் ஸ்பூனும் டம்ளருமாக ஓடுவார். டிங்கென்று தட்டி, "ரவுண்டு முடிஞ்சிச்சு, அவங்கவங்க மூலைக்குப் போங்க" என்பார். புருசனுக்குத் தண்ணி கொடுப்பார், பெண்டாட்டிக்கு விசிறுவார். கடைசியில், "பாயிண்ட்ல அந்தம்மா ஜெயிச்சிச்சு" என்று சொல்லிவிட்டுப் புருசனிடம் அடி வாங்கிக்கொண்டு வருவார்.

சரி, ரெண்டு சாம்பியன்களும் விட்டுப்போனது என்ன? கொக்கி குடித்துக் குடித்து, வாங்கின கப்பையெல்லாம் விற்று, கடைசியில் நின்றுகொண்டிருந்த ஒரு லாரிக்கு அடியில் பிணமாகக் கிடந்தான். இன்றைக்கு அவன் தெருவில் ஒரு மன்றம் இருக்கிறது. அதில் மாலை போட்ட படம். வருசா வருசம் பிரியாணி. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார், அதனால் படமும் இல்லை மாலையும் இல்லை. பத்து வாங்கி ஒன்று கொடுத்தாரே, அந்தப் பத்தும் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. கை ஆடும். டம்ளர் பிடிக்க முடியாது. சில நாள் என்னையே, "இன்னாம்மா, யாரு ஊட்டு பொண்ணு நீ?" என்று கேட்பார்.

ஒன்றே ஒன்று மட்டும் மறக்கவில்லை. "துண்ட யாரு போட்டது?"

ரெண்டு பேரும் மூன்று தடவை மோதினார்கள். முதல் தடவை ஜெயித்தது கொக்கி, அடுத்தது இவர். மூன்றாவதில் பாதி ஆட்டத்தில் இவர் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு பறந்துவந்து இவர் காலடியில் விழுந்தது. சொந்த ஆட்கள் துண்டு போட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அன்றையிலிருந்து ஊரே இவரை, "துண்டு வர்றாருடா" என்று கூப்பிட்டது. இவர் பக்கத்து மூலையில் நின்றது என் கூடப்பிறந்த தம்பி. அவன்மேல் இவருக்குச் சந்தேகம். பேச்சு நின்றது. தம்பி செத்தபோதும் போய்ப் பார்க்கவில்லை.

போட்டது தம்பிதான். சாகிறதுக்கு முன்னால் என்னிடம் மட்டும் சொன்னான். "மாமா காதுலேந்து ரத்தம் வந்துச்சுக்கா. அவுரு பாக்கல. நான் பாத்தேன்." அதை எனக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். சொல்லியிருந்தால், புதைத்த இடத்தைத் தோண்டி அவனை அடித்திருப்பார்.

பெல்லுக்கும் தெரியும். மணி மேசை அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. யார் போட்டது என்று பேர் சொல்லமாட்டாரே தவிர, "உங்காளுங்களேதான போட்டாங்க? அப்ப யாரு பெரியவன்? கொக்கிதான்" என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வார். கொக்கிக்கு அவர் வைத்திருந்த கிரீடமே அந்தத் துண்டுதான்.

போன வருசம் ஆஸ்பத்திரியில், என் வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்குள்ளேயே கட்டில் போட்டேன். இட்லி வாங்க வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். "நீயா போட்ட? நீயா?" சில பேர் பயந்து வருவதையே நிறுத்திவிட்டார்கள். பதில் தெரியாமல் இந்த மனுசன் உயிர் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பதிலைக் கொடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் காலை, எண்ணூரிலிருந்து கொக்கி மன்றத்து ஆட்கள் நாலு பேர் இவரைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களிடமும் கேட்டார். பெல்லு தட்டைக் கீழே வைத்தார்.

"நான்தான்யா போட்டேன்."

"நீயா? நீ மணி அடிக்கிறவனாச்சே."

"மணியும் அடிச்சேன், துண்டும் போட்டேன். சீட்டுக்கு."

"இன்னா சீட்டு?"

"முன்னால ஒரு சேரு காலியா இருந்திச்சு. எங்க மாமனாரு வர்றன்னாரு. பஸ்ல எடம் புடிக்கிற மாதிரி வீசனேன். காத்து தள்ளிக்கினு போயி ரிங்குல வுட்டுடுச்சு. வாயத் தொறந்தா கொன்னுடுவாங்கன்னு கம்முன்னு இருந்துட்டேன்."

எங்கள் பக்கம் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட்டில் வேறு ஒருத்தன் உட்காரமாட்டான். தினம் கம்பெனி பஸ்ஸில் நடக்கிறதுதான். வேறு சீமையில் இந்தக் கதையை யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரர் நம்பினார். உடம்பு குலுங்கியது. வலிப்பு என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சேருக்காடா?"

"சேருக்குதான் நைனா."

"அப்ப நான் தோக்கல."

"தோக்கல."

"ஜெயிச்சனா?"

பெல்லு மன்றத்து ஆட்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"டிரா" என்றார். "அதுக்கு மேல என் கைல கேக்காத."

எண்ணூர்க்காரர் ஒருத்தர் எழுந்துவந்து பெல்லு சட்டையைப் பிடித்தார். "எங்காளு ஜெயிச்சத, சேருக்குப் போட்ட துண்டுன்றியா?" என்று கன்னத்தில் ஒன்று விட்டார். மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய் சாம்பார் வாளியில் விழுந்தது. "இப்ப சொல்லு, பொய்தான?" இன்னொன்று. பெல்லு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "சீட்டுக்குதான்யா போட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "உன் தம்பிய வரச் சொல்லு, பேசணும்" என்றார். வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னேன். அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

மன்றத்தில் பெல்லுவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். படத்துக்கு மாலை போடுகிற அன்றைக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவர் என் கடையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா இந்தப் பேஜாரு உனக்கு?" என்று கேட்டேன்.

"கொக்கிக்குத் தெரியவா போகுது? செத்துட்டான். இவன்தான் கண்ண முழிச்சிக்கினு கேட்டுக்கினு கெடந்தான். இன்னா பண்ணச் சொல்ற?" இன்னொரு இட்லிக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "ஆனா கொக்கிதான் பெரியவன். அத மாத்தாத" என்றார்.

இந்தப் பொங்கல் கழிந்து மில் கேட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாமனார் என்றாரே, அப்படி ஒருத்தர் இருந்ததேயில்லை. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் பிணத்தை வாங்க நான்தான் போனேன். பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, மில்காரர்தான் சொன்னார்.

"உங்களுக்கு இன்னா உறவும்மா?" என்று கேட்டார்கள்.

தம்பி என்றேன்.